பெயரில்லாத உலோகக் கட்டிகளுக்கு எக்ஸ்ஆர்எஃப் பரிசோதனை: ஒரு மதிப்புரை

துப்பாக்கிக் குண்டு வார்க்கும் பழக்கமுள்ள ஒருவருடைய சாமான்களை மொத்தமாக வாங்குபவருக்கு உருக்குகலம், கரண்டி, வார்ப்பு அச்சுகள், மசகு ஆகியவற்றோடு எந்தக் குறிப்பும் இல்லாத உலோகக் கட்டிகளும் சேர்ந்தே வரும். அவை அனைத்தும் ஈயம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தச் சொல்லை நம்பி எல்லாவற்றையும் ஒரே கலத்தில் போட்டு உருக்குவதற்கு முன், அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்டறியும் வழிகளைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன். மதிப்புரையின் மையப் பொருள், பழைய உலோக வணிகர்களும் ஆய்வகங்களும் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைக் கொண்டு, அதாவது எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் கொண்டு, செய்து தரும் பரிசோதனைச் சேவை. அதற்கு முன்பாக நான் பயன்படுத்திய பந்தழுத்தக் கடினமானியையும் மின்னணுத் தராசையும் அதனுடன் ஒப்பிட்டிருக்கிறேன். என் முடிவு இதுதான்: எக்ஸ்ஆர்எஃப் பரிசோதனை முழு மதிப்புக்கும் உரியது, ஆனால் தராசைக் கொண்டு கட்டிகளை வகைப்படுத்தாமல் அங்கே போனால் அதன் பயனில் பெரும்பகுதி வீணாகிவிடும். கடினமானியோ நல்ல கருவி, ஆனால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி அன்று.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிரினெல் என்பது உலோகத்தின் கடினத்தன்மையைச் சொல்லும் எண்; எண் உயர்ந்தால் உலோகம் கடினம். தூய ஈயத்தின் பிரினெல் கடினத்தன்மை ஏறத்தாழ 5. குழலின் வாய்வழியே கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தை இட்டுச் சுடும் துப்பாக்கிகளுக்கு அந்த மென்மைதான் தேவை. பழைய அச்சகங்களில் வரிகளை வார்த்த லைனோடைப் உலோகத்தில் 84 சதவீதம் ஈயமும், ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி 12 சதவீதமும், 4 சதவீதம் வெள்ளீயமும் உண்டு. அதன் கடினத்தன்மை 22 அளவுக்குப் போகும். தனித்தனி எழுத்துகளை வார்த்த மோனோடைப்பில் ஆன்டிமனி 19, வெள்ளீயம் 9 என்று இன்னும் மிகுந்திருக்கும். வாகனச் சக்கரங்களில் கொக்கியால் மாட்டப்பட்ட ஈய எடைகளில் ஆன்டிமனி 3 முதல் 4 சதவீதம். வெள்ளீயம் அரைச் சதவீதத்தை ஒட்டியிருக்கும். இவற்றுள் எதை எதனுடன் எந்த விகிதத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே வார்ப்பு அமையும். வெள்ளீயமும் ஆன்டிமனியும் மிகுந்த ஒரு கட்டி, பல கட்டித் தூய ஈயத்தைப் பதப்படுத்தப் போதுமான சரக்கு. அதைச் சாதாரண ஈயம் என்று எண்ணிச் செலவழிப்பது பெரிய இழப்பு. இன்னொரு பக்கம், தவறி விழுந்த ஒரு துத்தநாகக் கட்டி கலம் முழுவதையும் கெடுத்துவிடும்: உலோகம் குழைந்த கூழ்போலத் திரளும், அச்சின் ஓரங்கள் நிரம்பாமல் குண்டுகள் முனை மழுங்கி வரும்.

பார்வையை நம்ப முடியாது. புதிதாகச் சுரண்டிய ஈயம் பளபளக்கும், பிறகு மங்கி நீலச்சாம்பல் நிறம் கொள்ளும். வெள்ளீயம் மிகுந்தது நெடுநாள் வெள்ளியைப்போல இருக்கும். இதற்கு மேல் நிறம் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கட்டியின் மேல் எழும்பி நிற்கும் நிறுவனப் பெயரைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். லைமன், ஆர்சிபிஎஸ், லீ போன்ற பெயர்கள் அந்தக் கட்டியை வார்த்த அச்சைச் செய்தவர்களின் பெயர்கள். அந்த அச்சுக்குள் எதை ஊற்றினாலும் அதே பெயர்தான் பதியும். வடிவம் ஓரளவு உதவும்: அச்சு இயந்திரத்தின் மேலே தொங்கவிடுவதற்காக ஒரு முனையில் துளையுடன், ஏறக்குறைய 10 கிலோ எடையில் நீளமாக இருக்கும் கட்டி கிடைத்தால், அது அச்சகத்திலிருந்து வந்தது என்று எண்ண நல்ல காரணம் உண்டு. ஆனால் வார்ப்பவர்கள் கையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒருமுறையாவது உருக்கி ஊற்றப்பட்டதுதான். அதில் பழைய வடிவம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இனி கடினமானி. நான் பயன்படுத்தியது, ஒரு சிறு எஃகுப் பந்தைக் குறிப்பிட்ட விசையோடு உலோகத்தின் மேல் அரை நிமிடம் அழுத்தி, ஏற்பட்ட குழியின் விட்டத்தைச் சிறு நுண்ணோக்கியால் அளந்து, அட்டவணையிலிருந்து பிரினெல் எண்ணைப் படிக்கும் வகை. கட்டியில் ஓரிடத்தை அரத்தால் சமப்படுத்தி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச்செய்து, நுண்ணோக்கியை அசையாமல் நிறுத்தினால் திரும்பத் திரும்ப ஒரே அளவு கிடைக்கிறது. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓவியப் பென்சில்களைக் கொண்டு செய்யும் கீறல் சோதனையைவிட இது எவ்வளவோ நம்பகமானது. பென்சில் சோதனையில் பென்சிலின் முனையைத் தட்டையாகத் தேய்த்து, சாய்த்துத் தள்ளி, எந்தத் தரத்துப் பென்சில் உலோகத்தைக் கீறுகிறது என்று பார்க்கிறோம். பென்சில் தயாரிப்பாளர் மாறினால் முடிவும் மாறும்.

ஆயினும் கடினத்தன்மை என்பது உலோகத்தின் இன்றைய நிலையைச் சொல்லுமே தவிர, அதன் உட்பொருளைச் சொல்லாது. ஆன்டிமனியும் சிறிதளவு ஆர்செனிக்கும் கலந்த ஈயத்தை அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டால், அதே உலோகம் காற்றில் ஆறியபோது இருந்ததைவிட மிகவும் கடினமாகிறது. வார்த்த அன்று ஓர் எண் வரும், சில வாரங்கள் கழித்து அதைவிட உயர்ந்த எண் வரும். பெயரில்லாத கட்டியைப் பொறுத்தவரை அது எப்படி ஆறியது, எப்போது வார்க்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே 12 என்று ஓர் எண் வந்தால், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய கலவைகள் பல. கலவை தெரிந்த உலோகத்தின் பதம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கடினமானி மிகச் சிறந்தது. அதை வாங்குபவர்கள் அந்த வேலைக்காக வாங்கட்டும்.

அடர்த்திச் சோதனையைத்தான் நான் வீட்டுச் சோதனைகளில் முதலிடத்தில் வைப்பேன். 0.1 கிராம் வரை காட்டும், கட்டியின் எடையையும் நீர்ப்பாத்திரத்தையும் தாங்கும் மின்னணுத் தராசு ஒன்று போதும். கட்டியை உலர்ந்த நிலையில் எடைபோட வேண்டும். பிறகு பாதி நீர் நிரம்பிய பாத்திரத்தைத் தராசில் வைத்துக் காட்டியைப் பூஜ்யமாக்கி, கட்டியை மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ சுவரையோ தொடாமல் முழுவதும் நீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது கட்டி விலக்கிய நீரின் எடை. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 900 கிராம் எடையுள்ள தூய ஈயக் கட்டி 79.4 கிராம் நீரை விலக்கும், அடர்த்தி 11.34. அதே எடையுள்ள லைனோடைப் கட்டி 87.7 கிராம் விலக்கும். அடர்த்தி ஏறத்தாழ 10.26. இரண்டுக்கும் உள்ள எட்டு கிராம் வேறுபாட்டை எந்த எளிய தராசும் தெளிவாகக் காட்டும். பாதி ஈயம், பாதி வெள்ளீயம் கொண்ட பற்றாசு 8.9 அருகில் நிற்கும். 7.3 அருகில் வந்தால் அது பெரும்பாலும் வெள்ளீயமாகவோ, வெள்ளீயமே மிகுந்த பியூட்டராகவோ இருக்கும், 7.1 அருகில் வந்தால் துத்தநாகம் என்று ஐயப்பட வேண்டும்.

இந்தச் சோதனையில் பிழை நுழையும் வழிகள் இரண்டு. கட்டியின் மேல் ஒட்டும் காற்றுக் குமிழ்கள் ஒன்று. நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, கட்டியை மெல்ல அசைத்தால் அவை விலகும். மற்றொன்று, ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடங்கள். அவை அடர்த்தியை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். எனவே அடர்த்தி குறைந்து தெரிந்தால் வேறு உலோகம் கலந்திருக்கலாம், உட்குழிவும் இருக்கலாம், ஆனால் 11.3 என்று வந்துவிட்டால் அது ஏறக்குறையத் தூய ஈயம் என்பதில் ஐயம் வேண்டியதில்லை. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: நீரில் அமிழ்த்திய கட்டி, வெளியே உலர்ந்ததுபோல் இருந்தாலும் அதன் பிளவுகளில் ஈரம் தங்கியிருக்கும். உருகிய ஈயத்துக்குள் அது போனால் ஈரம் நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் உலோகத்தைக் கலத்திலிருந்து வீசியடிக்கும். சோதித்த கட்டிகளைத் தனியே வைத்து நன்றாக உலர்த்திய பிறகே, அதுவும் வெறுங்கலத்தில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்றியே உருக்க வேண்டும்.

7-ஐ ஒட்டிய அடர்த்தியில்தான் கடினமானிக்கும் அமிலத்துக்கும் நல்ல வேலை இருக்கிறது. 900 கிராம் பியூட்டர் ஏறக்குறைய 124 கிராம் நீரையும், அதே எடைத் துத்தநாகம் 126 கிராம் நீரையும் விலக்கும். இந்த நெருக்கத்தில் தராசை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது தவறு. ஆனால் வெள்ளீயம் மென்மையானது, மெல்லிய துண்டு கையால் வளையும். துத்தநாகம் கடினமானது, தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு துளி துத்தநாகத்தின் மேல் உடனே நுரைத்துப் பொங்கும். ஈயத்தின் மேலும் வெள்ளீயத்தின் மேலும் அப்படிப் பொங்குவதில்லை. இந்தச் சோதனையைக் காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்ய வேண்டும்.

தராசும் கடினமானியும் சேர்ந்தாலும் தீராத சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சக்கர எடைகளை உருக்கி ஊற்றிய கட்டியின் அடர்த்தி கணக்குப்படி 11.04 வரும். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த கலவையின் அடர்த்தி 11.05 வரும். இரண்டின் கடினத்தன்மையும் 10-ஐச் சுற்றியே இருக்கும். வீட்டில் உள்ள கருவிகளுக்கு இவை இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் ஆன்டிமனி உண்டு, தண்ணீரில் போட்டால் கடினமாகும்; பின்னதில் ஆன்டிமனி இல்லை, தண்ணீரில் போட்டாலும் அப்படிக் கடினமாகாது. வெள்ளீயத்தின் அளவோ ஒன்றில் அரைச் சதவீதம், மற்றொன்றில் 5 சதவீதத்தை ஒட்டியது. எக்ஸ்ஆர்எஃப் தன் மதிப்பை நிலைநாட்டுவது இந்த இடத்தில்தான்.

கருவி செய்வதைச் சுருக்கமாகச் சொன்னால், அது எக்ஸ்-கதிரை உலோகத்தின் மேல் செலுத்துகிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய எக்ஸ்-கதிரைத் திருப்பி உமிழ்கிறது. அந்த ஆற்றல்களையும் அவற்றின் வலிமையையும் எண்ணி எது எவ்வளவு என்று கருவி கணக்கிடுகிறது. தனிமத்துக்குரிய அந்த ஆற்றலைக் கோடு என்பார்கள். வெள்ளீயத்தின் முதன்மைக் கோடு 25.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்னும் ஆற்றல் அளவிலும், ஆன்டிமனியின் கோடு 26.4-இலும் விழுகின்றன, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இன்றைய உணரிகள் அவற்றை எளிதாகப் பிரித்துவிடுகின்றன. நான் கொண்டுபோன கட்டிகளில் மேலே சொன்ன இரட்டைக் குழப்பம் அரை நிமிட அளவீட்டில் தீர்ந்தது. கட்டியை வெட்டவோ உருக்கவோ வேண்டியதில்லை என்பதும் பெரிய நன்மை.

சேவையின் தரம் கருவியைவிட அதைப் பிடிப்பவரைப் பொறுத்தது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஈயம் தடித்த திரைச்சீலையைப்போல எக்ஸ்-கதிரை மறித்துவிடுவதால், கருவி பார்ப்பது மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரான் ஆழம்வரைதான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அந்த மெல்லிய அடுக்கில் ஆக்ஸைடும் சாம்பலும் மெழுகும் படிந்திருந்தால், கருவி அவற்றையே அளந்து நேர்மையாக எண்ணாக்கித் தரும். நான் சென்ற ஓரிடத்தில், பெயர் வேண்டாம், அழுக்குப் படிந்த மேற்பரப்பிலேயே கருவியை வைத்து ஒரே நொடியில் எடுத்துவிட்டு முடிவைச் சொன்னார்கள். சுரண்டிய இடத்தில் மறுபடி எடுக்கச் சொன்னபோது வெள்ளீயத்தின் அளவு வெகுவாகக் குறைந்தது. உருகிய நிலையில் மேற்பரப்பில் ஈயத்துக்கு முந்தி ஆக்ஸைடாகும் வெள்ளீயம் கட்டியின் தோலில் மிகுந்து நிற்பதே இதற்குக் காரணம். ஆகவே கட்டிகளைக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றிலும் நாணயம் அளவுக்கு ஓரிடத்தை உளியால் சீவிப் புதுமுகம் காட்ட வேண்டும். அரத்தைவிட உளி நல்லது: தூள் பறக்காது, முந்திய கட்டியின் துணுக்குகள் அரத்தின் பற்களில் சிக்கி அடுத்த கட்டியில் ஒட்டும் அபாயமும் இல்லை. சீவல்களைக் கூட்டிப் பாதுகாப்பாக வைத்துவிட்டுக் கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

ஆன்டிமனி மிகுந்த கட்டிகளில் ஓரிடத்து அளவீடு போதாது. ஆன்டிமனி 11 சதவீதத்துக்கு மேல் போகும்போது, உலோகம் ஆறத் தொடங்கியதும் முதலில் பிரியும் படிகங்கள் ஆன்டிமனி மிகுந்தவை. அவை ஈயத்தைவிட இலேசானவை என்பதால் மேலே எழும்பும். மோனோடைப் போன்ற கட்டியில் மேல் பக்கமும் அடிப் பக்கமும் ஒரே எண்ணைத் தராததன் காரணம் இதுதான்; இரண்டையும் எடுத்துச் சராசரி காண வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில உண்டு. கருவி எந்த முறையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்; மண் பரிசோதனைக்கோ தங்கத்துக்கோ உரிய முறையில் எடுத்த எண்கள் ஈயக் கலவைக்குப் பொருந்தா. அளவீட்டு நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நேரம் நான்கு மடங்கானால் எண்ணிக்கைப் பிழை பாதியாகும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கருவி காட்டும் பிழை அளவையும் குறித்துத் தரச் சொல்லுங்கள்: வெள்ளீயம் 0.4 என்றும் பிழை 0.3 என்றும் இருந்தால், அந்த வெள்ளீயத்தை நம்பிக் கலவை போடக் கூடாது. கருவி தனக்குத் தெரிந்த தனிமங்களை மட்டும் கூட்டி நூறாக்கிக் காட்டுவதால், கூட்டுத்தொகை நூறாக இருப்பது துல்லியத்துக்குச் சான்று ஆகாது. எனக்கு நல்ல அறிக்கை தந்த இடத்தில் இவை அனைத்தையும் கேட்காமலே செய்தார்கள். தனிமங்கள், சதவீதங்கள், பிழை அளவு, எடுத்த நேரம் எல்லாம் அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். ஒரு சேவையை மறுபடி நாடலாமா என்று முடிவுசெய்ய நான் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

எக்ஸ்ஆர்எஃப் சரியாகக் காண முடியாதவையும் உண்டு. ஆர்செனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் ஒரு வலிய கோடும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆகவே ஈயத்தில் சிறிதளவு ஆர்செனிக் இருப்பதாக வரும் எண்ணையோ, இல்லையென வரும் எண்ணையோ அப்படியே ஏற்க வேண்டாம். கால்சியம் இன்னும் கடினம். இக்காலத்து ஈய-அமில பேட்டரித் தகடுகளில் அது மிகச் சிறிய அளவில் கலக்கப்படுகிறது. அந்த அளவைக் கையடக்கக் கருவி ஈயத்துக்கிடையே தேடிப் பிடிப்பதில்லை. பேட்டரி ஈயத்தை உருக்கும்போதும், அதன் கசடில் பின்னர் ஈரம் படும்போதும், ஆர்சின், ஸ்டிபின் என்னும் கொடிய நச்சு வாயுக்கள் உண்டாகக்கூடும். கட்டி பேட்டரியிலிருந்து வந்திருக்கலாம் என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால், அறிக்கை எவ்வளவு தூய்மையைக் காட்டினாலும் அதை உருக்காமல் முறையான மறுசுழற்சிக்கு அனுப்புவதே சரி. காட்மியம் வேறு வகை: கருவி அதை நன்றாகவே காட்டும், ஆனால் அதன் புகை உயிருக்கே ஆபத்தானது என்பதால், பட்டியலில் காட்மியம் தென்பட்ட கட்டி கலத்தின் பக்கமே வரக் கூடாது. தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பிஸ்மத் கலவைகள் சிலவற்றில் காட்மியம் சேர்ந்திருப்பது உண்டு. உருகுநிலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பெயரில்லாத கட்டிகளைச் சூடாக்குவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

யாருக்கு இந்தச் சேவை தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையில் இரண்டு மூன்று சிறு கட்டிகள் மட்டுமே இருந்து, அவற்றின் அடர்த்தி 11.3 என்று வந்திருந்தால், மேற்கொண்டு செலவு செய்யக் காரணமில்லை. குவியலாக இருப்பவர்கள் முதலில் எல்லாவற்றையும் எடைபோட்டு, அடர்த்தி வாரியாகக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒன்றிரண்டை மட்டும் பரிசோதனைக்கு எடுத்துப் போனால் போதும். ஒரே குழுவுக்குள் முடிவுகள் மாறினால் மட்டும் மற்றவற்றையும் கொண்டுபோகலாம்.

முடிவு கைக்கு வந்ததும் எழுத்து முத்திரை கொண்டு கட்டியிலேயே ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி ஆகியவற்றின் சதவீதத்தைப் பதித்துவிட வேண்டும். மையால் எழுதியது கைபட்டு அழிந்துபோகும். பிறகு, ஒரே வகை எனத் தெரிந்த கட்டிகளைப் பெரிய கலம் ஒன்றில், 370 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் ஒன்றாக உருக்குவது நல்லது. துத்தநாகம் 419.5 டிகிரியில்தான் உருகும் என்பதால், கவனம் தப்பிய துத்தநாகத் துண்டு இருந்தாலும் அது உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். நன்றாகக் கலக்கிக் கசடு நீக்கி ஊற்றிய அந்தத் தொகுதியிலிருந்து ஒரே ஒரு கட்டியைச் சீவி மறுபடி எக்ஸ்ஆர்எஃப் எடுத்தால், அந்த ஓர் அறிக்கை தொகுதி முழுவதற்கும் பொருந்தும். அதற்குப் பிறகு வெள்ளீயமோ தூய ஈயமோ எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம்.